அத்தை பார்க்கச் சாப்பிட்டேன்

நான் மறுபடியும் சோறு தின்ன ஆரம்பித்தது உயிர் மேல் ஆசை வந்து அல்ல. என் அத்தையைப் பழிவாங்கத்தான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். வேடிக்கை இல்லை. அன்றைக்கு எனக்குள் வேறு எந்த நல்ல எண்ணமும் இருக்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் இறந்த பிறகு ஒரே மகனோடு திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். குடியிருந்தது அங்கே, அதிகாரம் எங்கள் வீட்டில். அப்பாவுக்கு வெங்காயப் பேட்டையில் கமிஷன் மண்டி. பேட்டையில் அவர் குரலை உயர்த்தினால் நாலு பேர் ஓடி வருவார்கள். வீட்டில் அக்கா பேச ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்ப்பார். அம்மா சமைப்பாள். பரிமாறுவது அத்தை. யாருக்கு எவ்வளவு, எந்தக் குழம்பில் எந்தத் துண்டு, எல்லாம் அவள் கரண்டிதான் முடிவு செய்யும். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் பெரியவளான வருஷமே "இவ எம் மகனுக்குத்தான்" என்று அத்தை சொல்லிவிட்டாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. அவள் மகன் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்கு இருந்தான். நல்ல ஒல்லி. சட்டை அவன் மேல் கிடக்காது, தொங்கும். நான் அம்மாவைப் பெற்றவர்களின் உடம்புவாகு, அகன்ற தோள், பூரித்த கன்னம். பள்ளிக்கூடத்தில் குண்டெறியும் போட்டியில் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அதுவரை என் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் தெரியாது.

தாடிக்கொம்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வலப்பக்கம் அப்பா. எதிர் வரிசையில் அத்தை மகன். லட்டு வைத்துக்கொண்டு வந்தவர் என் இலையில் இரண்டு வைத்தார். பின்னாலேயே வந்த அத்தை குனிந்து, என் இலையிலிருந்து இரண்டையும் எடுத்துப் பக்கத்து இலையில் போட்டாள்.

"இவளுக்கு வெக்காதப்பு. எம் மகன் பக்கத்துல நின்னா ஆத்தாளும் மகனும் மாதிரில்ல இருக்கு!"

பந்தியே சிரித்தது. அத்தை மகன் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் மறந்திருப்பேன். அப்பா வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு வீட்டிலும் அது வழக்கமாகிவிட்டது. நாலு இட்லி வைத்திருந்தால் அத்தையின் கை வந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். சோற்றில் ஒரு பிடியைத் திரும்பச் சட்டிக்குள் போடும். "போதும்" என்பாள். அந்த ஒரு சொல்தான். நான் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா அடுப்பைப் பார்ப்பாள்.

முதலில் நான் குறைத்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு குறைத்தேன். பிறகு அவள் எடுப்பதற்கு முன்பே நானே எடுத்து வைக்க ஆரம்பித்தேன். பிறகு தட்டையே தள்ளிவிட்டேன். பசி கொஞ்ச நாளில் எங்கோ போய்விட்டது. தாவணி இடுப்பில் நிற்கவில்லை. சித்திரை வெயிலில் குளிர்ந்து நடுங்கினேன். சீப்பை எடுத்தால் முடி கையோடு வந்தது. மாதாமாதம் வருவது நின்றுபோயிற்று. அப்போதுதான் அத்தைக்குப் பயம் பிடித்தது. மகனுக்குக் குறித்து வைத்த பெண் உருகிக்கொண்டு போகிறாளே! அவள் தொனியே மாறிவிட்டது.

"ஒரு வா தின்னுடி, என் தங்கமில்ல. பாரு, உனக்குன்னு ஈரல் வறுத்துக் கொண்டு வந்திருக்கேன்."

"போதும் அத்தை" என்பேன்.

அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுப்பேன், ஆனால் உள்ளுக்குள் ஜெயித்துவிட்ட திருப்தி. அந்தத் திருப்தியோடே செத்தும் போயிருப்பேன்.

கோடாங்கி வந்து உடுக்கடித்தான். கிணற்றடியில் ஏதோ பிடித்திருக்கிறது என்றான். வேப்பிலையால் அடித்தான். தாடிக்கொம்புப் பெருமாளுக்கு அத்தை வேண்டிக்கொண்டாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை வரிசையில் நின்றபடியே விழுந்துவிட்டேன். தலைமை ஆசிரியை அப்பாவை ஆள் விட்டு வரவழைத்து, "நீங்களா மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்களா, நான் கொண்டு போகட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் வண்டி பூட்டினார்கள்.

ஆஸ்பத்திரி ஊரைத் தாண்டி, கற்றாழையும் உடைமரமுமான வெளியில் இருந்தது. நோயாளியோடு வந்தவர்கள் வார்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் தாங்களே பொங்கிக்கொள்ள வேண்டும். பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், நாகர்கோவில் பக்கத்துக்காரர். சிரிக்க நேரமில்லாதவர் போல நடப்பார். ரத்தம், மூத்திரம், எக்ஸ்ரே படம் எல்லாம் பார்த்துவிட்டு அப்பாவிடம், "உள்ளே ஒரு நோயும் இல்லை. சாப்பாடுதான் மருந்து. ஆனா அதை நான் ஊசியில ஏத்த முடியாது" என்றார்.

அந்தச் சமயத்தில் என்னைப் போல அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அடுத்த கட்டிலில், தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண், என் வயதுதான். நோன்பில் ஆரம்பித்தவள். பெருநாள் முடிந்தும் அவளுடைய நோன்பு மட்டும் முடியவில்லை. ஆண்கள் வார்டில் கீரனூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன், பதினாறு வயது இருக்கும். அண்ணன் கிணற்றில் தவறி விழுந்து இறந்த நாளிலிருந்து அவன் தட்டைத் தொடுவதில்லை. மூன்று தாய்மார்களும் தினமும் கொட்டகையில் பொங்கி, கொண்டுவந்து, கெஞ்சி, அழுது, கடைசியில் அள்ளிக் காக்காய்க்குப் போடுவார்கள்.

இதற்கெல்லாம் இப்போது பெயர் இருக்கிறதாம். குடும்பங்களைச் சேர்த்து உட்கார வைத்துப் பார்க்கும் வைத்தியம் என்று வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த டாக்டர் அதை எங்கேயும் படித்ததாகத் தெரியவில்லை. "மூணு வீட்டையும் தனித்தனியாப் பாக்க எனக்கு நேரமில்ல. எல்லாரும் ஒண்ணா வாங்க" என்றார், அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாடு வார்டுத் தாழ்வாரத்தில். மூன்று குடும்பமும் வரிசையாகப் பாயில் உட்கார வேண்டும். பிள்ளைகளோடு பெரியவர்களும் சாப்பிட வேண்டும். திட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது. பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்கக்கூடாது. சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் பேச்சு. அதிலும் ஒரு நிபந்தனை. அவரவர் பிள்ளையைப் பற்றிப் பேசக்கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் என்ன பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் டாக்டர் அம்மாவிடம் கேட்டார். "வீட்டில சோறு போடுறது யாரு?"

அம்மா நினைத்திருந்தால் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்தபடி, ஆனால் தெளிவாகச் சொன்னாள். "எங்க நாத்தனாருதாங்கம்மா."

"அப்ப அவங்களும் வரணும்."

"அக்காவுக்கு முட்டுவலிங்கம்மா, இம்புட்டுத் தூரம்..." என்று அப்பா இழுத்தார்.

"குதிரை வண்டி வெச்சுக் கூட்டிட்டு வாங்க."

அம்மா நிமிரவே இல்லை. ஆனால் அவள் உதட்டோரம் என்ன நடந்தது என்று நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அந்த வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று.

அத்தை வந்தாள். சொந்தப் பாய், சொந்தத் தம்ளர், சொந்தத் தூக்குச் சட்டி. மற்ற இரண்டு குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவே தன் பாயை அணை மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என் தட்டில் சோற்றை மலையாகக் குவித்தாள். நான் விரலால் அளைந்துகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அளைகிறேனோ அவ்வளவு நேரம் அவள் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வலியில் அவள் முகம் கோணியது. நான் இன்னும் கொஞ்சம் அளைந்தேன்.

இப்படிச் சில நாள் போயிற்று. கீரனூர்ப் பையன் மட்டும் மோர்ச்சாதத்தில் ரெண்டு வாய் எடுத்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் ஒவ்வொருவரையாகக் கேட்பார். பெரும்பாலும் ஒன்றுமில்லாத பேச்சுத்தான். "புள்ள நல்ல புள்ளைங்க, கண்ணுல ஒளி இல்லீங்க" என்பார் கீரனூர்க்காரர். ஒரு நாள் தோல் ஷாப்காரரின் முறை வந்தது. என்னைக் காட்டி, "இந்தப் புள்ளைய பத்தி என்ன பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்தப் புள்ள சோத்தைப் பாக்கலை. அந்த அம்மா கையைத்தான் பாக்குது. அந்தக் கை தட்டுப் பக்கம் வந்தா இது தோளைக் குறுக்கிக்கிடுது. அடி வாங்கப் போற புள்ள மாதிரி."

அத்தைக்கு மூக்கு விடைத்தது.

"நான் அடிச்சேனா? கேளு, என்னைக்காச்சும் உன்னை அடிச்சேனாடி? தம்பி, நீ சொல்லுலே! வளத்து விட்ட கையை இப்படிச் சொல்றாரு, நீ பாத்துக்கிட்டு இருக்க."

அப்பா துண்டை உதறினார். பார்க்க வாசல் இல்லை, தாழ்வாரத்தின் மூன்று பக்கமும் ஆட்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "அடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"அடிக்கல. என் தட்டுல இருந்து எடுத்தாங்க" என்றேன். "கல்யாணப் பந்தியில எல்லாரும் பாக்க எடுத்தாங்க. அப்பா சிரிச்சாரு."

பல மாதமாக ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாதவள் நான். கீரனூர்க்காரர் அப்பாவைப் பார்த்தார். தோல் ஷாப்காரரும் பார்த்தார். சொந்தக்காரர்கள் பார்வை அப்பாவுக்குப் பழக்கம். முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள், அவரைப் போலவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள், பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் டாக்டர் புது ஏற்பாடு ஒன்று சொன்னார். "இன்னைக்கு அவங்கவங்க பிள்ளைக்கு அவங்கவங்க போட வேண்டாம். மாத்திப் போடுங்க." கீரனூர்த் தாய் அந்த முஸ்லிம் பெண்ணுக்கு. அத்தை கீரனூர்ப் பையனுக்கு. முஸ்லிம் பெண்ணின் அம்மா எனக்கு.

அத்தை பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "அதெல்லாம் வழக்கமில்ல டாக்டரம்மா. அவுக கைச்சோறு எங்க வீட்டுல யாரும் தின்னதில்ல. நாளைக்கு எம் மகனுக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணு இவ."

"நீங்க சாப்பிட வேண்டாம். அவளுக்கு வேணுமான்னு அவ சொல்லட்டும்."

அந்த அம்மா ஒரு கிண்ணத்தில் நெய்ச்சோறும் தால்ச்சாக் குழம்பும் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். அத்தை சொன்னது காதில் விழுந்ததும் கரண்டியைத் திரும்பக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "வேணாம்மா. எதுக்கு வம்பு. அவுக வீட்டுப் பழக்கம் அவுகளுக்கு" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

நான் அவருடைய முந்தானையைப் பிடித்தேன். "போடுங்கம்மா."

அந்த வீட்டோடு எனக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது என்றோ, மத பேதம் பார்க்கக்கூடாது என்று அந்த வயதில் எனக்கு ஞானம் பிறந்தது என்றோ யாரும் நினைக்க வேண்டாம். அத்தையின் முகத்தைத்தான் பார்த்தேன். இத்தனை மாதம் பட்டினி கிடந்து நான் அவளுக்குக் கொடுத்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அந்த முகம் சொல்லிவிட்டது. நான் சாப்பிடாவிட்டால் அவளுக்கு ஒரு மருமகள் போவாள், இன்னொருத்தி வருவாள். நான் இதைச் சாப்பிட்டால்தான் அவளுக்கு வலிக்கும். அப்படியானால் சாப்பிடுகிறேன்.

அந்த அம்மா ஒரு கரண்டி வைத்தார். நான் பிசைந்து, உருட்டி, அத்தையைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டேன். நெய் வாசம் குமட்டியது. சுருங்கிப்போன வயிறு வேண்டாம் என்றது. விழுங்கினேன். அடுத்த கவளத்தை எடுத்தேன்.

"அடியே, துப்புடி!" என்று அத்தை கத்தினாள்.

மூன்றாவது கவளத்தை மென்றேன். அவள் எழுந்து நின்றாள். முட்டுவலியெல்லாம் எங்கே போயிற்றோ.

"தம்பி! இவ இனி எம் வீட்டுக்கு ஆக மாட்டா. சொல்லிட்டேன். நான் போறேன், நீயும் கெளம்புலே."

அப்பா பாயில் கை ஊன்றி எழப் போனார். டாக்டர் கத்தவில்லை. "பிள்ளைங்க முடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாதுன்னு பேசியிருக்கோம்" என்று மட்டும் சொன்னார். அத்தை தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். வெளியே மர நிழலில் நின்ற குதிரை வண்டிக்காரனை அவள் அதட்டுவது கேட்டது. அப்பா பாதி எழுந்த நிலையிலேயே என்னைப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் போடுங்கம்மா" என்றேன் நான்.

அப்பா திரும்ப உட்கார்ந்தார்.

மெதுவாகச் சாப்பிட்டேன். ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டேன் என்றே சொல்லலாம். வண்டி போகும் சத்தம் தேய்ந்து மறைகிறவரை அவரை எழ விடவில்லை. லட்டுக்குச் சிரித்தவர் இப்போது என் எதிரில் உட்கார்ந்து, வேற்று வீட்டுச் சோறு என் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. பக்கத்தில் அம்மா, முதல் தடவையாக, தன் தட்டில் தானே சோறு போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு நான் குணமாகிவிடவில்லை. அன்று சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். அடுத்த நாள் அத்தை இல்லாத தாழ்வாரத்தில் யாருக்கு எதிராகச் சாப்பிடுவது என்று தெரியாமல் தட்டைத் தள்ளினேன். அந்த அம்மா விடவில்லை. "நேத்து அவுகளுக்காகத் தின்னே. இன்னைக்கு எனக்காகத் தின்னும்மா" என்றார். அவருக்காகத் தின்ன எனக்கு வரவில்லை. கோபத்தைக் கிளறித் தொட்டுக்கொண்டுதான் தின்ன முடிந்தது. வேறு வெஞ்சனம் எனக்கு ருசிக்கவில்லை. லட்டை நினைப்பேன், ஒரு வாய் இறங்கும். கோடாங்கியின் வேப்பிலையை நினைப்பேன், இன்னொரு வாய். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள் கொட்டகையில் யாரோ வெங்காயம் தாளித்தார்கள், யாரையும் நினைக்காமலே எனக்குப் பசித்தது. பயந்தே போனேன்.

கீரனூர்ப் பையன் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனான். கிளம்பும்போது அவன் அப்பா என் அப்பாவைக் கும்பிட்டு, "பொண்ணைப் பாத்துக்குங்க" என்றார். அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. அந்த முஸ்லிம் பெண்ணுக்கு அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. நான் போன பிறகும் அவள் இருந்தாள். அவளுடைய அம்மா என்னைச் சாப்பிட வைத்தவர், தன் மகளை வைக்க முடியவில்லையே என்று கொட்டகைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். ரொம்ப நாள் கழித்து அவள் தேறி, கல்யாணமாகித் திருச்சிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அத்தை சும்மா இருக்கவில்லை. யார் கைச்சோறு தின்றேன் என்பதை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். என்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அவள் செய்ததிலேயே எனக்கு நல்லது அது ஒன்றுதான். பதினொன்றாம் வகுப்பு முடித்தேன், ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். "படிக்கட்டும்" என்று அம்மா சொன்னாள், அப்பா மறுக்கவில்லை. அந்தத் தாழ்வாரத்துக்குப் பிறகு அவர் எனக்கு எதையுமே மறுக்கவில்லை. நானும் அவருடைய குற்றவுணர்வை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

அத்தை தன் மகனுக்கு ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒருத்தியைக் கட்டி வைத்தாள். மெலிந்த பெண். ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண் நான் வேலை பார்த்த பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க அக்கா, உங்ககிட்டத்தான் கேக்கோணும். எங்க அத்தை தட்டுல கை வெக்கறாங்க. உங்களுக்கும் அப்படித்தானுங்களா?"

"அப்படித்தான்."

"நான் என்ன பண்ணறதுங்க?"

பொறுத்துப் போ என்று சொல்லியிருக்கலாம். அத்தைக்கு வயதாகிறது என்று சொல்லியிருக்கலாம். நான் அவளை நிழலில் உட்கார வைத்து, கணவனிடம் எப்படிப் பேச வேண்டும், ஜவுளிக் கடைக்காரர் ஒட்டன்சத்திரத்தில் புதுக் கடை திறக்கப் போகிறாராமே, அங்கே வேலையை மாற்றச் சொல்லி எப்படிக் கேட்க வைக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்தான். ஆனால் முதலில் நினைத்தது அதையில்லை. அறுவடை முடிவதற்குள் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

தனியாகப் பொங்கித் தின்ன அத்தைக்கு முடியவில்லை. எங்கள் வீட்டுக்கே இரண்டு வேளையும் வர ஆரம்பித்தாள். பரிமாறுவது இப்போது அம்மா. அத்தைக்கு வயிறு நிறையப் போடுவாள், குறை வைக்கமாட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அத்தை என் தட்டைப் பார்க்கவே மாட்டாள்.

ஒரு நாள் அம்மா அடுப்படிக்குள் போன சமயம் பார்த்துக் கேட்டாள். "என்னாலதான் நீ அப்படிக் கெடந்தேன்னு இன்னமும் நெனச்சுக்கிட்டு இருக்கியாடி?"

"ஆமா" என்றேன்.

"எம் மகன் தனியாப் போனதும் உன்னாலதானாம்ல. மருமக சொன்னாளாம்."

"ஆமா அத்தை."

அவள் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. இல்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. நான் என் தட்டில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன். அம்மா உள்ளிருந்து, "மதினி, அப்பளம் பொரிக்கவா?" என்று குரல் கொடுத்தாள். அத்தைக்குப் பதிலாக நானே, "பொரிம்மா, எனக்கும் சேத்து" என்றேன்.